31-ஆவது வாரத்தில் வயிறு அடிக்கடி இறுகுகிறது: காத்திருக்கலாமா, உடனே போக வேண்டுமா?

முதல் கர்ப்பம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இது எனக்கு முதல் கர்ப்பம். 30 வாரங்கள் முடிந்து 31-ஆவது வாரம் நடக்கிறது; வயிற்றில் ஒரு குழந்தைதான். இரத்த அழுத்தம், சர்க்கரை, வளர்ச்சி ஸ்கேன் எதிலும் இதுவரை குறை சொல்லப்படவில்லை. சில நாட்களாக மாலை வேளையில், குறிப்பாக நெடுநேரம் நின்றுவிட்டு வந்த பிறகு, வயிறு முழுவதும் ஒரே சமயத்தில் இறுகிப் பின்னர் தானாகத் தளர்கிறது. அதை வலி என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அது அடங்கும்வரை நிற்கத் தோன்றும், அவ்வளவுதான். ஆனால் நேற்றிலிருந்து அடி இடுப்பில், மாதவிடாய்க்கு முன்பு வருவதைப் போன்ற மந்தமான வலியும் சேர்ந்துகொண்டது. வெள்ளைப்படுதலும் வழக்கத்தைவிட அதிகமாகவும் சற்று நீர்த்தும் இருக்கிறது.

வீட்டில் பெரியவர்கள் இதைப் பொய் வலி என்கிறார்கள். படுத்தால் அடங்கிவிடும் என்கிறார்கள். ஏற்கெனவே ஒரு முறை இதே போன்ற இறுக்கத்துக்காக மருத்துவமனைக்குப் போனபோது, பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் அங்கே போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. பொய் வலியையும் உண்மையான குறைமாதப் பிரசவ வலியையும் வீட்டிலிருந்தபடியே பிரித்தறிய முடியுமா? எந்த நிலைக்குப் பிறகு காத்திருக்கக் கூடாது? உண்மையாகவே பிரசவ வலி தொடங்கியிருந்தால் அதை நிறுத்த மருந்து உண்டா, அல்லது போயும் பயனில்லையா? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பிரசவ அறைச் செவிலி

சகோதரி, நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் உறுத்துவது அந்த நீர்த்த வெள்ளைப்படுதல்தான். அது உள்ளாடையை நனைக்கும் அளவுக்கு இருந்தாலோ, எழும்போதும் இருமும்போதும் சொட்டினாலோ, இறுக்கத்தை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பனிக்குடம் உடைந்தால் தண்ணீர் கொட்டும் என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். சவ்வின் மேல்பகுதியில் சிறு கிழிசல் விழுந்தால் கொட்டாது; விட்டு விட்டுக் கசியும். குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிறுநீர்தான் கசிகிறது என்று நினைத்து அதை விட்டுவிடுபவர்கள் நிறைய. சந்தேகம் இருந்தால், சிறுநீர் கழித்துவிட்டுச் சுத்தமான நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருந்து எழுந்து பாருங்கள். பனிக்குட நீர் பெரும்பாலும் நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ, சிறுநீர் வாடை இல்லாமல் இருக்கும். நனைந்திருந்தால் அந்த நாப்கினை எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், துர்நாற்றம் அடித்தாலும் அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

கசிவு இல்லையென்றால் இறுக்கத்தை எண்ணலாம். சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, விரல் நுனிகளைத் தொப்புளுக்கு மேலே கருப்பையின் மேல்பகுதியில் மெல்லப் பதியுங்கள். கருப்பை தளர்ந்திருக்கும்போது கன்னத்தைத் தொடுவதைப் போல விரல் அமுங்கும். இறுகும்போது நெற்றியைத் தொடுவதைப் போல அமுங்க மறுக்கும். குழந்தை புரளும்போது ஓரிடம் மட்டும் புடைத்து மறையும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வயிறு முழுவதும் ஒன்றாக இறுகினால்தான் அது கருப்பைச் சுருக்கம். ஒரு சுருக்கம் தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்தது தொடங்கும் நேரம் வரையுள்ளதுதான் இடைவெளி. முடிவதிலிருந்து எண்ணினால் இடைவெளி குறைவாகத் தோன்றும். அந்தக் குழப்பம் வேண்டாம். கடிகாரம் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள், மனக்கணக்கு உதவாது.

37 வாரங்கள் முடியும் முன்பு, ஒரு மணி நேரத்தில் 6 முறையோ அதற்கு மேலோ இறுகினால், அதாவது சுமார் 10 நிமிடத்துக்கு ஒன்று வந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்விட வேண்டும். சில மருத்துவமனைகள் 4 முறை என்றே எல்லை வைத்திருக்கின்றன. உங்களுடைய மருத்துவமனை எந்த எண்ணைச் சொல்லியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். பொய் வலி ஒழுங்கின்றி வரும்; எழுந்து நடந்தாலோ, படுக்கும் நிலையை மாற்றினாலோ, தண்ணீர் குடித்தாலோ பெரும்பாலும் அடங்கும். உண்மை வலி நீங்கள் என்ன செய்தாலும் தன் போக்கில் நெருங்கிக்கொண்டே வரும். இது பொதுவான விதிதான். உண்மை வலியும் தொடக்கத்தில் ஒழுங்கின்றி வரக்கூடும் என்பதால், இதை மட்டும் நம்பி விடியும்வரை காத்திருப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அடி இடுப்பில் விடாத வலி, குழந்தை கீழே அழுத்துவதைப் போன்ற கனம், வயிற்றுப்போக்குக்கு முன் வருவதைப் போன்ற பிசைவு, சளியாகவோ இளஞ்சிவப்பாகவோ கசிவு ஆகியவையும் அடையாளங்களே. இறுக்கத்துடன் இவற்றில் ஒன்று சேர்ந்தாலே எண்ணிக்கை நிரம்பும்வரை பொறுக்க வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி சேர்ந்திருக்கிறது.

இரத்தப்போக்கு, தளராமல் தொடர்ந்து இறுகியே இருக்கும் வயிறு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைவது: இவை தனி வகை. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்தால் வயிறு விட்டு விட்டு அல்லாமல் ஒரேயடியாக இறுகி நிற்கும். வெளியே இரத்தம் தெரியாமலும் இருக்கலாம். அந்த நேரத்தில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

கூச்சத்தைப் பற்றி ஒரு சொல். வலி என்று வருபவர்களில் பெரும்பாலோரை நாங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புகிறோம். அதில் எங்களுக்கு எரிச்சல் கிடையாது. முழுமையாக விரிந்த கருப்பை வாயுடன் தாமதமாக வந்து சேர்பவரைப் பார்க்கும்போதுதான் அறையிலுள்ள எல்லோருக்கும் கை பதறும்.

31 வாரத்தில் பிறந்த குழந்தையின் தாய்

தோழி, உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் அந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். போயும் பயனில்லையோ என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

எனக்கும் வலி என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. இடுப்பில் கனம், பிறகு சளியில் கலந்த சிறிது இரத்தம். மருத்துவமனையில் முதலில் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டினார்கள். ஒன்று குழந்தையின் இதயத் துடிப்புக்கு, மற்றொன்று கருப்பை இறுகுவதைப் பதிய. தாளில் ஒவ்வொரு இறுக்கமும் ஒரு மேடாக எழுதப்பட்டு வந்தது. எனக்கு ஒன்றுமே தெரியாத நேரத்திலும் அங்கே மேடுகள் எழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான், உடலின் உணர்வை மட்டும் நம்பக் கூடாது என்பது எனக்குப் புரிந்தது. அதன் பிறகு கருவியை உள்ளே வைத்துக் கருப்பை வாயைப் பார்த்தார்கள். பஞ்சு முனையுள்ள குச்சியால் திரவ மாதிரி எடுத்தார்கள். கையால் பரிசோதிக்கும் முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டுமாம், இல்லையேல் முடிவு பிசகும் என்றார்கள். பிறகு உள்வழி ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளந்தார்கள். அது மிகவும் குறுகியிருந்தது.

அங்கிருந்து எல்லாம் வேகமாக நடந்தது. தொடையில் ஸ்டீராய்டு ஊசி. மறுநாள் அதே நேரத்துக்கு இரண்டாவது ஊசி. சுருக்கத்தைத் தணிக்க மாத்திரை. நான் போன மருத்துவமனையில் அவ்வளவு சிறிய குழந்தைகளைப் பராமரிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாததால், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே என்னை வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். பிறந்த பிறகு குழந்தையைத் தனியாக வண்டியில் ஏற்றி அனுப்புவதைவிட, தாயின் வயிற்றோடு அனுப்புவது பல மடங்கு பாதுகாப்பானது என்று உடன் வந்த செவிலியர் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிரசவம் நெருங்கியபோது மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்று நான் நினைப்பது இதைத்தான்: மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் கழுத்திலிருந்து முகம் வரை தீப்பற்றியதாக உணர்ந்தேன். பயப்பட வேண்டியதில்லை, அது அந்த மருந்தின் இயல்பு. முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள், மூச்சை எண்ணுவார்கள், சிறுநீரின் அளவைக் குறிப்பார்கள். மருந்து அளவுக்கு மீறவில்லை என்று உறுதி செய்யவே அவை எல்லாம்.

என் குழந்தை சில வாரங்கள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தான். மூச்சுக்குச் சில நாட்கள் உதவி தேவைப்பட்டது. பால் குடிக்கக் கற்றுக்கொள்ளத்தான் அதிகக் காலம் பிடித்தது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் இணைக்கும் திறன் 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடும் என்பதால், அதுவரை குழாய் வழியாகத் தாய்ப்பால் கொடுத்தார்கள். இப்போது அவன் பள்ளிக்குப் போகிறான்.

பேத்தி எடுத்தவள்

மகளே, இவ்வளவு படித்துப் பயந்துபோக வேண்டாம். என் மருமகளுக்கும் ஏழாம் மாதத்தில் இப்படித்தான் இறுகியது. எழுந்து நடமாடவே விடாமல் பிரசவம்வரை படுக்கையிலேயே வைத்திருந்தோம். கால் பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தோம். வலியை நிறுத்தும் மாத்திரையும் வீட்டிலேயே தொடர்ந்து எடுத்துக்கொண்டாள். பத்தாம் மாதம் நல்லபடியாகப் பெற்றெடுத்தாள். நீயும் முழு ஓய்வில் இரு, அந்த மாத்திரையை உன் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள். மருத்துவமனைக்கு அலைவதே உடம்புக்கு அசதி.

மகப்பேறு மருத்துவர்

அம்மாவின் அக்கறையை மதிக்கிறேன், அவருடைய மருமகள் நலமாகப் பெற்றெடுத்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்த இரண்டு வழிகளையும் நான் பரிந்துரைக்க முடியாது. குறைமாத வலி என்று மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் எப்படியிருந்தாலும் நிறைமாதத்தில்தான் பெற்றெடுக்கிறார்கள். அதனால் அந்த நாட்களில் என்ன செய்திருந்தாலும் அதுவே காப்பாற்றியது என்று தோன்றுவது இயல்பு. முழுப் படுக்கை ஓய்வு குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. மாறாக, காலில் இரத்தம் உறைவது, தசை வலுவிழப்பது, எலும்பின் அடர்த்தி குறைவது, மனச்சோர்வு ஆகியவை அதனால் வருகின்றன. நெடுநேரம் நிற்பதையும் கனமான பொருள்களைத் தூக்குவதையும் குறைப்பது வேறு. கழிவறைக்கும் எழக் கூடாது என்று கட்டிப்போடுவது வேறு.

மாத்திரையைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுருக்கத்தைத் தணிக்கும் மருந்துகளாகிய நிஃபெடிபின், அட்டோசிபன், 32 வாரத்துக்கு முன்பு மட்டும் இன்டோமெத்தசின் ஆகியவை பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கே தரப்படுகின்றன. அதற்குமேல் வாரக்கணக்கில் தொடர்வதால் குழந்தைக்கு நன்மை கூடுவதாக நிரூபிக்கப்படவில்லை. முன்பு பரவலாகத் தரப்பட்ட டெர்பியூட்டலின் மாத்திரையைக் குறைமாத வலிக்குக் கொடுக்கக் கூடாது என்றும், ஊசியாகவும் 48 முதல் 72 மணி நேரத்துக்குமேல் நீட்டக் கூடாது என்றும் 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக எச்சரித்தது. தாயின் இதயத்துக்கு நேர்ந்த பாதிப்புகளே அதற்குக் காரணம்.

அப்படியானால் 48 மணி நேரம் மட்டும் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடையே அங்குதான் இருக்கிறது. தொடங்கிவிட்ட உண்மையான பிரசவத்தை மாதக்கணக்கில் ஒத்திப்போடும் மருந்து எங்களிடம் இல்லை. நாங்கள் வாங்க முயல்வது நேரத்தை: ஸ்டீராய்டு வேலை செய்யவும், தாயைத் தகுந்த இடத்துக்கு மாற்றவும் தேவைப்படும் நேரத்தை. பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம் 24 மணி நேர இடைவெளியில் 2 ஊசிகளாகவோ, டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் 12 மணி நேர இடைவெளியில் 4 ஊசிகளாகவோ தரப்படும். நுரையீரலின் நுண்ணறைகள் மூச்சை விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பூச்சு, குறைமாதக் குழந்தைக்குப் போதுமான அளவு இருப்பதில்லை. அதன் உற்பத்தியை இந்த ஊசி முடுக்கிவிடுகிறது. மூச்சுத்திணறலும் மூளையில் இரத்தக்கசிவும் இறப்பும் குறைகின்றன.

இதைக் கண்டறிந்த கதை சுவையானது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸ், செம்மறியாட்டில் பிரசவத்தைத் தொடங்கிவைப்பது எது என்பதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு செலுத்தப்பட்டு, பிழைக்க வாய்ப்பே இல்லாத அளவுக்கு முன்கூட்டிப் பிறந்த ஆட்டுக்குட்டி மூச்சு விடுவதைக் கண்டார். அதன் நுரையீரல் எதிர்பாராத அளவுக்கு விரிந்திருந்தது. 1969-இல் அதை வெளியிட்டார். பிறகு குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1972-இல் வந்தது. அவ்வளவு தெளிவான முடிவு வந்த பிறகும், அமெரிக்காவில் இதைப் பரவலாகப் பயன்படுத்துமாறு வல்லுநர் குழு பரிந்துரைக்க 1994 ஆயிற்று. மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் இலச்சினையில் காணும் கிடைக்கோடுகள் இந்த ஊசியைப் பற்றிய ஆய்வுகளின் முடிவுகளே. இப்படிக் கிடப்பில் போடப்பட்ட உண்மைக்கு நினைவுக்குறியாக அதை வைத்திருக்கிறார்கள்.

மெக்னீசியம் சல்பேட்டின் நோக்கம் சுருக்கத்தை நிறுத்துவது அன்று. 32 வாரத்துக்கு முன்பு பிரசவம் உறுதியாக நெருங்கும்போது அதைக் கொடுத்தால், பிறக்கும் குழந்தைக்கு மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பு குறைகிறது. முந்தைய பதிவில் தாய் விவரித்த முழங்கால் சோதனை மிகச் சரி. மருந்து அளவுக்கு மீறினால் முதலில் மறைவது அந்த அனிச்சைச் செயல்தான், அதற்கு முறிமருந்தாகக் கால்சியம் குளூக்கோனேட் அருகிலேயே வைத்திருப்போம்.

எல்லா நேரத்திலும் சுருக்கத்தை நிறுத்த முயல மாட்டோம் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருப்பது நல்லது. கருப்பைக்குள் தொற்று, நஞ்சுக்கொடி பிரிதல், மிகுந்த இரத்தப்போக்கு, தாய்க்குக் கடுமையான இரத்த அழுத்தம், குழந்தையின் இதயத் துடிப்பில் கோளாறு ஆகிய நிலைகளில் வயிற்றுக்குள் இருப்பதே குழந்தைக்கு ஆபத்து. பனிக்குடம் உடைந்து வலி வரவில்லையென்றால் அது தனி வழி: தொற்றைத் தள்ளிப்போட ஆன்டிபயாடிக் தருவோம், விரலால் உட்பரிசோதனை செய்வதை இயன்றவரை தவிர்ப்போம், காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் கவனித்துக்கொண்டு காத்திருப்போம். பனிக்குடம் உடையாமல், தொற்றும் இல்லாமல் வெறும் வலி மட்டும் இருப்பவருக்கு முன்னெச்சரிக்கை என்ற பெயரில் ஆன்டிபயாடிக் தருவது தவறு. அது பிரசவத்தைத் தள்ளிப்போடுவதில்லை, பிற்காலத்தில் அக்குழந்தைகளிடம் மூளை முடக்குவாதம் சற்று அதிகமாகக் காணப்பட்டதாகவே நீண்டகால ஆய்வு காட்டியது.

சகோதரிக்கு என் கருத்து: மாலை இறுக்கம் மட்டும் என்றால் எண்ணிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். புதிய இடுப்பு வலியும் மாறிய வெள்ளைப்படுதலும் சேர்ந்த பிறகு, இன்றே நேரில் பரிசோதித்தாக வேண்டும். இணையத்தில் எழுதும் எவரும், நான் உட்பட, உங்கள் கருப்பை வாயைப் பார்க்க முடியாது.

முதல் கர்ப்பம்

உங்கள் அனைவருக்கும் மிக்க நன்றி. பதிவுகளைப் படித்த கையோடு மருத்துவமனைக்குச் சென்றேன். பனிக்குடம் கசியவில்லை என்று கருவி வைத்துப் பார்த்து உறுதிப்படுத்தினார்கள். கருப்பை வாயின் நீளம் 32 மில்லிமீட்டர், மூடியே இருக்கிறது. சிறுநீரில் கிருமித் தொற்று இருப்பது தெரியவந்தது. அதற்கு மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நிம்மதிதான். ஆனாலும் ஒரு ஐயம்: பாதுகாப்புக்காக ஸ்டீராய்டு ஊசியை இப்போதே போட்டுவிடுங்கள் என்று கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அது ஏன்? அடுத்த முறை இறுகினால், நீளம் போதுமானது என்று சொல்லிவிட்டார்களே என்று வீட்டிலேயே இருக்கலாமா?

மகப்பேறு மருத்துவர்

நல்ல செய்தி. சிறுநீர்த் தொற்று கருப்பையை எரிச்சலூட்டி இறுகச் செய்யக்கூடியது, எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலும் இருக்கக்கூடியது. இந்த ஆன்டிபயாடிக் நான் மேலே தவறு என்று சொன்ன வகையைச் சேர்ந்தது அன்று. கண்டறியப்பட்ட தொற்றுக்குத் தரப்படுவது. இறுக்கம் குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல் முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் சிறுநீரை மறுபடி சோதித்து, கிருமி நீங்கியதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊசியை மறுத்தது சரியான முடிவு. ஸ்டீராய்டின் பலன் முதல் ஊசி போட்ட 24 மணி நேரத்திலிருந்து 7 நாட்கள் வரை பிறக்கும் குழந்தைக்கே மிக அதிகம். கருப்பை வாய் 30 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு மூடியிருக்கும்போது அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆகும் வாய்ப்பு மிகக் குறைவு. இன்று போட்டுவிட்டு, ஒருவேளை மூன்று வாரம் கழித்து உண்மையான வலி வந்தால், அப்போது மறுபடி போடலாமா என்ற சிக்கலில் நிற்போம். ஒரு முறை திரும்பப் போட இடமுண்டு என்றாலும், திரும்பத் திரும்பப் போட்டால் குழந்தையின் எடையும் தலைச் சுற்றளவும் குறையக்கூடும். இது சத்து ஊசி அன்று; குறி பார்த்துப் போட வேண்டியது.

நீளம் எல்லையில் நிற்பவர்களுக்குத்தான் முடிவெடுப்பது கடினம். 15 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சேர்த்துக்கொள்வோம். இடைப்பட்டவர்களுக்கு ஃபைப்ரோனெக்டின் சோதனை கைகொடுக்கும்; பனிக்குடச் சவ்வுக்கும் கருப்பைச் சுவருக்கும் இடையே பசையாக இருக்கும் அந்தப் புரதம் கசிந்து வரவில்லையென்றால் அடுத்த ஒரு வாரத்துக்குப் பிரசவம் ஆகாது என்று பெரும்பாலும் நம்பலாம். கசிந்திருந்தால் மட்டும் பிரசவம் நிச்சயம் என்று பொருளில்லை. அந்தச் சோதனை ‘இல்லை’ என்று சொல்லும்போதே வலுவானது. முந்தைய 24 மணி நேரத்தில் உடலுறவு கொண்டிருந்தாலோ இரத்தம் கலந்திருந்தாலோ முடிவு பிசகும் என்பதால், மருத்துவர் கேட்கும்போது கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு: கூடாது. 32 மில்லிமீட்டர் என்பது அந்த நாளைய அளவு. அது அடுத்த சில நாட்களுக்கு நம்பிக்கை தரும், 37-ஆவது வாரம் வரை உத்தரவாதம் தராது. இறுக்கம் பழைய மாதிரியே மாலையில் வந்து ஓய்வில் அடங்கினால் அமைதியாக இருக்கலாம். வரிசைப்பட்டாலோ, கசிவோ இரத்தமோ புதிதாகச் சேர்ந்தாலோ, முதல் முறை போவதைப் போலவே போங்கள்.

இதைப் படிக்கும், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் தாய்மாருக்கும் ஒன்று. முன்பு குறைமாதத்தில் பெற்றவர்கள் அடுத்த கர்ப்பத்தின் முதல் வருகையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். 16-ஆவது வாரத்திலிருந்து கருப்பை வாயை அளந்து வந்து, 24 வாரத்துக்கு முன்பு 25 மில்லிமீட்டருக்குக் கீழே குறைந்தால், உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரானோ கருப்பை வாயில் தையலோ உதவக்கூடும். வாராவாரம் ஊசியாகப் போடப்பட்டு வந்த செயற்கைப் புரோஜெஸ்டிரானுக்கு அளித்திருந்த அனுமதியை, அது பயன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை என்று 2023-இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனவே பழைய மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே கேட்க வேண்டாம்.

பிரசவ அறைச் செவிலி

மருத்துவர் சொன்னதோடு நடைமுறைக்கு ஒன்று சேர்க்கிறேன். நள்ளிரவில் தொலைபேசியில் அழைக்கும்போது, பயத்தில் பலரும் வலியின் கடுமையை மட்டும் விவரிக்கிறார்கள். எங்களுக்கு முதலில் வேண்டியவை வேறு: எத்தனையாவது வாரம், ஒரு குழந்தையா இரட்டையா, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை இறுகுகிறது, கசிவோ இரத்தமோ உண்டா, குழந்தை அசைகிறதா, முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருக்கிறதா, கருப்பையில் அறுவை நடந்திருக்கிறதா. இவற்றை ஒரு தாளில் எழுதி, இரத்த வகையையும் குறித்து, கர்ப்பகால அட்டையோடு வைத்துவிடுங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் இரத்தப்போக்கு ஏற்பட்டவுடன் அதை நீங்களே சொல்லுங்கள். அதற்கென ஒரு ஊசி இருக்கிறது, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். உங்கள் மருத்துவமனையில் 32 வாரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதி உண்டா என்பதை அடுத்த வருகையில் கேட்டு, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.